அஞ்சறைப் பெட்டியின் அடியில்

சிக்கனக் குறிப்புகளுக்கென்று ஒரு வாக்கிய அமைப்பு இருக்கிறது. அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரைக் கொட்டாமல் அதில் கீரையை வேகவைக்கவும். பீர்க்கங்காய்த் தோலை எறியாமல் துவையல் அரைக்கவும். பழைய புடவையைக் கிழித்துக் கரித்துணியாக்கவும். எல்லாமே ஏவல் வாக்கியங்கள். யார் செய்ய வேண்டும் என்று எங்கும் இருக்காது. வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று நடத்துகிறேன். 'வா' என்றால் 'நீ வா' என்று பொருள். 'நீ' சொல்லாமலே விளங்கும். சிக்கனக் குறிப்பிலும் அப்படித்தான். சொல்லாமலே விளங்கிவிடுகிற அந்த 'நீ' மாமியாராகவோ மருமகளாகவோ மகளாகவோ இருக்கலாம். எப்போதும் ஒரு பெண்.

சிலிண்டர் விலையும் துவரம்பருப்பு விலையும் ஏறுகிற ஒவ்வொரு முறையும் இந்தக் குறிப்புகள் 'பாட்டி காலத்து வைத்தியம்' போல, 'பாட்டி காலத்துச் சிக்கனம்' என்ற பெயரில் திரும்பி வருகின்றன. நானும் வாசிக்கிறேன். சிலவற்றைச் செய்தும் வருகிறேன். பீர்க்கங்காய்த் தோல் துவையல் எங்கள் வீட்டில் காயைவிட முதலில் தீர்ந்துபோகும். ஆகவே இந்த அறிவை நான் கேலி செய்ய வரவில்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பஞ்சத்தையும் போரையும் கடனையும் தாண்டி வந்ததில் இந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு. நான் கேட்க விரும்புவது இரண்டு கேள்விகள். மிச்சப்படுத்துவதற்காக யார் எதைச் செலவழித்தார்கள்? மிச்சமானது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

புளியிலிருந்து தொடங்குகிறேன். சிவகங்கைப் பக்கம் என் அம்மாச்சியின் ஊரில் மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். வருடத்துக்கு வேண்டிய புளியை அப்போதே வாங்கிவிட்டால் பாதி விலை. இது குறிப்பு. இனி வேலையைப் பாருங்கள். ஓட்டோடு வந்த புளியை வெயிலில் காயவைக்க வேண்டும். கட்டையால் தட்டி ஓடு நீக்க வேண்டும். நாரை உருவி, அருவாமனையில் கீறிக் கொட்டை எடுக்க வேண்டும். பிறகு மறுபடி வெயில், கல் உப்பு, பானையில் அடுக்கி அமுக்கிக் கட்டுவது. ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். விரல் நுனி வெந்து, மிளகாய் கிள்ளினால் உயிர் போகும். கொட்டை எடுத்துத் தர வருகிற பெண்களுக்குக் கூலியில் ஒரு பங்கு புளியங்கொட்டையாகவே போகும். வறுத்து ஊறவைத்து அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தின்னும். எங்கள் வீட்டுச் சிக்கனத்துக்குள் இன்னொரு வீட்டுப் பெண்ணின் விரலும் இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது.

துவரை இன்னும் மோசம். பருப்பு வண்டு பிடிக்காமல் இருக்கவும் தோல் எளிதாகக் கழலவும் துவரையை நனைத்துச் செம்மண் குழம்பில் புரட்டி இரவு முழுதும் குவித்து வைப்பார்கள். காயவைத்துத் திருகையில் உடைத்துச் சுளகில் புடைப்பார்கள். திருகையின் மேற்கல்லைச் சுற்றுவதற்கு ஆள் மாற்ற ஆள் வேண்டும். மண்கட்டிய பருப்பின் வாசனையைப் பற்றிப் பேசாத ஆண் எழுத்தாளர் குறைவு. திருகை சுற்றிய தோள்பட்டையைப் பற்றி அவர்கள் அதே அளவு எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுப்புக்கும் ஒரு சிக்கனம் இருந்தது. கொடியடுப்பு என்று சொல்வோம். முதல் கண்ணில் எரிகிற தீயின் மிச்சச் சூடு பக்கத்துக் கண்ணுக்குப் போகும். முதல் கண்ணில் சோறு கொதிக்கும்போது இரண்டாவதில் குழம்போ வெந்நீரோ தயாராகும். அருமையான ஏற்பாடு. யார் கண்டுபிடித்தார்கள் என்று பெயர் இல்லை. அடுப்பு போட்டதும் மெழுகியதும் பெண்கள் என்பதால் ஊகிக்க முடிகிறது. டவுனுக்கு வந்த பிறகு அம்மா மரத்தூள் அடுப்பு வைத்திருந்தார். தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக அமுக்கி, பாட்டிலை மெல்ல உருவினால் புகைபோக்கி மாதிரி ஒரு துளை நிற்கும். கீழே ஒரு சுள்ளியைப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். கிட்டத்தட்டச் செலவே இல்லை. மர அறுவை மில்லிலிருந்து தூள் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தது செலவுக் கணக்கில் வராது. புகையும் வராது.

ஆட்டுக்கல்லை மட்டும் தயவுசெய்து யாரும் திரும்ப அழைக்க வேண்டாம். 'கல்லில் அரைத்த மாவு ருசி, கரண்டும் மிச்சம்' என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. மாவரைக்கும் கிரைண்டர் கோயம்புத்தூரில் பிறந்து வீடு வீடாகப் போனதும், பிறகு 2011-க்கு மேல் அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்ததும், பல முதுகெலும்புகளுக்குக் கிடைத்த விடுதலை. அதை 'இலவசம்' என்று பரிகசித்தவர்களில் ஒரு ஈடு இட்லிக்கு உளுந்து ஆட்டியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

வேலை ஒரு பக்கம். வயிறு இன்னொரு பக்கம்.

குழம்புச் சட்டியில் கடைசியாகச் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவதைப் பற்றி இப்போது எல்லோரும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அந்தச் சோற்றுக்குத் தனி ருசி உண்டு, உண்மைதான். ஆனால் என் அம்மாச்சி அதை ருசிக்காகச் சாப்பிடவில்லை. தாத்தா, மாமாக்கள், பிள்ளைகள், விருந்தாளி எல்லோரும் எழுந்த பிறகு மிச்சம் இருந்தது சட்டியில் ஒட்டியதுதான். அதற்கு மேல் காலையில் பழைய சோறு. அது இல்லையென்றால் நீராகாரம். 'எனக்குப் பழசுதாந்தா பிடிக்கும்' என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெண்களின் பிடித்தம் வீட்டின் தட்டுப்பாட்டோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திப்போவது எப்படி என்று வரலாறு எழுதுகிறவர்கள் கொஞ்சம் விசாரிக்கலாம்.

தமிழ் படித்தவளுக்கு இந்த விசாரணை பாடத்திட்டத்திலேயே தொடங்குகிறது. திருவள்ளுவர் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தின் முதல் குறளிலேயே, கணவனின் வருவாய்க்குத் தக்கபடி வாழ்கிறவளே துணை என்று வரையறுத்துவிடுகிறார். வருவாய் அவனுடையது, அதற்குள் அடங்குவது அவளுடையது. ஆத்திசூடியில் ஔவையார் அளவுக்கு மீறி உண்ணாதே என்று எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொல்கிறார். கொன்றை வேந்தனுக்கு வரும்போது உணவைச் சுருக்கிக்கொள்வது பெண்களுக்கு அழகு என்று தனியாக ஒரு வரி வருகிறது. முதலாவது அறிவுரை, இரண்டாவது அழகு. பசியை அழகாக்கிவிட்டால் அதைப் புகாராகச் சொல்ல முடியாது. அந்த வரியை எழுதியதும் ஒரு பெண்பாற்புலவர் என்று மரபு சொல்வதைச் சுட்டிக்காட்டி மாணவிகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மாமியார்தானே மருமகளுக்கு அளந்து போடவும் கற்றுக்கொடுத்தார்?

எனக்கு இன்னும் நெருக்கமானது சிறுபாணாற்றுப்படையின் அடுக்களை. நல்லூர் நத்தத்தனார் காட்டுகிற வீடு அது. குட்டி போட்ட நாய் குரைக்கிறது. கரையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. பசியில் ஒடுங்கிய கிணைமகள் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பெரிய சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். இதைப் பாணரின் வறுமைக்குச் சான்றாக நடத்துவது வழக்கம். எனக்கு அது உழைப்புக்குச் சான்றாகவும் தெரிகிறது: கீரையை அடையாளம் கண்டவள் அவள், கிள்ளியவள் அவள், உப்பில்லாததைச் சமாளித்தவள் அவள், குடும்ப மானத்துக்காகக் கதவைச் சாத்தியவளும் அவள். சிக்கனத்தின் கடைசிப் படி அதுதான். இல்லாமையை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. 'நாலு பேருக்குத் தெரியக் கூடாது' என்பதை நம் அம்மாக்களும் செய்தார்கள். விருந்தாளி வந்ததும் பக்கத்து வீட்டுக்குப் பின்வாசல் வழியாக ஓடி ஒரு ஆழாக்குச் சர்க்கரை வாங்கி வரச்சொல்லி நம்மையும் பழக்கினார்கள்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசு பெற்று வந்து மனைவியிடம் பேசுகிற பாட்டு இதற்கு நேர் எதிர். எல்லோருக்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டாம், சேர்த்து வைத்து நாம் நன்றாக வாழ்வோம் என்றும் நினைக்க வேண்டாம் என்கிறார். வள்ளன்மைக்கு இதைவிட நல்ல பாட்டு இல்லை. ஆனால் வறுமை நாட்களில் சுற்றத்தாரிடம் குறியெதிர்ப்பை வாங்கி, அதாவது அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவதாகச் சொல்லி, அடுப்பை எரித்தவள் அவள் என்று அதே பாட்டுக்குள் இருக்கிறது. கடன் அவள் வாங்கியது. கேட்காமல் கொடுக்கும் உரிமையை அவளுக்கு அவர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அளந்து வாங்குவது என்றதும் படிக்கு வந்துவிட்டோம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. பள்ளிக்கூடம் போகாத பெண்களும் இந்தக் கணக்கை இமைக்காமல் போடுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து உலையில் இடும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது இன்னொரு பழக்கம். பிடி அரிசி. மாதக் கடைசியில் கை ஓய்ந்தபோது அந்தப் பானை திறக்கும். மடங்களும் சங்கங்களும்கூடப் பின்னால் இதையே திட்டமாக்கி வீடுகளிலிருந்து அரிசி திரட்டின. யாருடைய பங்கிலிருந்து அந்தப் பிடி குறைந்தது என்பதை எந்தத் திட்டமும் கேட்டதாகத் தெரியவில்லை. அளந்து போட்டதில் ஒரு பிடி குறைந்தால், கடைசியில் சாப்பிடுகிறவருக்குத்தான் குறையும். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் வருவது நின்றது. பங்கீடு வந்தது, கேழ்வரகும் கம்பும் சோளமும், ஏழைகளின் தானியம் என்று ஒதுக்கியிருந்த வீடுகளுக்குள்ளும் நுழைந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் கட்டுப்பாடு நீடித்து, 1952-ல் ராஜாஜி முதலமைச்சரானதும் விலக்கப்பட்டது. இவை பாடப்புத்தகத்தில் உண்டு. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியவர்கள், புழு நெளிந்த மாவைச் சலித்தவர்கள், சோளத்தைப் பிள்ளைகள் தின்னும்படி ஆக்கிப் போட்டவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, உணவைத் தவிருங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். நேர்மையான வேண்டுகோள், தன் வீட்டிலிருந்தே தொடங்கினார். அந்த நாட்களைப் பற்றி என் அம்மாவிடம் கேட்டேன். 'எங்க வீட்ல ஆம்பளைங்களும் திங்கக்கிழமை ராத்திரி சாப்பிடல. அம்மாச்சிக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, கிருத்திகைன்னு அவுக ஏற்கனவே பாதி நாள் சாப்பிடாமத்தான் இருந்தாக' என்றார். விரதங்களை எல்லாம் சிக்கனத்தின் பட்டியலில் சேர்க்க நான் துணியமாட்டேன். நம்பிக்கையும் அதில் உண்டு. ஆனால் அரிசிப் பானையும் அதில் உண்டு.

அரிசி 1967-ல் ஓர் ஆட்சியை மாற்றியது. ரூபாய்க்கு மூன்று படி என்று தி.மு.க. வாக்களித்தது, வென்ற பிறகு ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். தஞ்சை வயல்களில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு, செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததன் தொடர்ச்சி அது. சிக்கனக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பதற்கு ஏதோ ஒன்று இருந்த சாதிகளிலிருந்து வந்தவர்கள். நானும் அப்படித்தான். எங்கள் பாட்டிகள் பத்தாயத்துக்கு மேல் சிக்கனமாக இருந்தார்கள். அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கியவர்களுக்கும், எலி வளையைத் தோண்டி நெல் எடுத்தவர்களுக்கும் யார் போய்ச் சிக்கனம் சொல்லிக்கொடுப்பது? அவர்கள் கேட்டது அரைப்படி கூலி.

பசியைக் குறைத்தது எது என்று நேர்மையாகப் பார்த்தால், அஞ்சறைப் பெட்டி ஞானம் மட்டுமல்ல. கூலிப் போராட்டம், ரேஷன் கடை, 1982-ல் விரிவான சத்துணவு, 2011 ஜூனிலிருந்து அட்டைக்கு 20 கிலோ விலையில்லா அரிசி. பிள்ளைக்கு மதியம் பள்ளியில் ஒரு வேளை உறுதியானபோது, தன் பங்கைப் பிள்ளைக்குத் தள்ளிய தாயின் வயிற்றுக்கும் கொஞ்சம் போனது. ஆனாலும் பழக்கம் எளிதில் விடுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாய், பிரசவம், குடற்புழு என்று காரணங்கள் பல உண்டு. கடைசிப் பந்தியும் அவற்றில் ஒன்று.

எந்தச் சிக்கனப் புத்தகமும் எழுதாத ஒரு குறிப்பு உண்டு. பழைய பருத்திப் புடவை மெத்தென்று ஆகும்; தூளிக்கும் பச்சைக் குழந்தையின் அணையாடைக்கும் அதைவிட நல்ல துணி இல்லை. மிச்சம் கிழிந்தது அந்த மூன்று நாட்களுக்கு. ஆண்கள் எழுமுன் துவைத்து, மாட்டுக்கொட்டகையின் பின்னால், இன்னொரு துணியின் அடியில் ஒளித்துக் காயவைத்தது. வெயில் படாமல் ஈரம் போகாத துணி. அரிப்பு, புண், நாற்றம் பற்றிய பயம். மாற்றுத் துணி இரண்டே இருந்ததால் கல்லூரிக்கு வராத தோழி எனக்கு இருந்தாள். இன்றைக்குத் துணி நாப்கினைச் சூழலுக்கு நல்லது என்று பரிந்துரைக்கிறோம். நல்லதுதான், தண்ணீரும் சோப்பும் கதவுள்ள குளியலறையும் வெயிலில் கொடி கட்டும் தைரியமும் இருக்கிற வீட்டுக்கு.

இவ்வளவுக்குப் பிறகு மிச்சமான காசுக்கு வருகிறேன். தமிழில் அதற்கு அழகான பெயர் இருக்கிறது: சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம், முட்டை விற்றது, மோர் விற்றது, அண்ணன் தம்பி பொங்கலுக்குக் கொடுத்தது. இருக்கும் இடம்: அஞ்சறைப் பெட்டியின் அடியில், கடுகு டப்பாவில், அரிசிப் பானைக்குள், முந்தானை முடிச்சில். ஆண்கள் சிரித்துக்கொண்டே பேசுகிற விஷயம் இது. சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், தனக்கென்று ஒரு பெட்டி வைத்துக்கொள்ள முடியாதவள், யாரும் கை விடாத பாத்திரத்தை வங்கியாக்கியிருக்கிறாள். சமையலறை தன் பொறுப்பு என்பதையே பூட்டாக மாற்றியிருக்கிறாள்.

ஒளிக்க வேண்டியிருந்ததற்குச் சட்டக் காரணமும் உண்டு. மணமான பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் அவளுடைய தனிச் சொத்து என்று 1874-லேயே ஒரு சட்டம் வந்தது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமண முறைப்படி வாழும் பெண்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருந்தது. ஆக, இங்கே பெரும்பான்மைப் பெண்களை அது தொடவே இல்லை. இந்து சட்டத்தில் ஸ்திரீதனம் இருந்தது. பிறந்த வீட்டார் கொடுத்ததில் அவளுக்கு முழு உரிமை. ஆனால் மணவாழ்க்கையின்போது தன் கைத்தொழிலால் அவள் சம்பாதித்தது கணவனின் ஆளுகைக்குள் வந்தது. பெற்றது அவளுடையது, உழைத்தது அவனுடையது! 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான், தன் திறமையாலும் முயற்சியாலும் சேர்த்தது உட்பட அவள் வசமுள்ள சொத்து முழுமையாக அவளுடையது என்று எழுதியது. தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை 1989-ல் வந்தது. அதே 1989-ல்தான் தருமபுரியில் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கின. கடுகு டப்பாவில் இருந்த காசு முதன்முறையாக ஒரு பதிவேட்டில், அவளுடைய கையெழுத்துக்கு நேராக ஏறியது. பிறகு அந்தப் பதிவேடே கடன் வசூலிக்கும் நோட்டாகவும் ஆனது, அது தனிக்கதை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது சிறுவாடுகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்டால் விசாரணை இல்லை என்று அரசு அடுத்த நாட்களில் சொல்லிப் பார்த்தது. அவர்களுடைய பயம் வருமானவரி அதிகாரியைப் பற்றியது அல்ல. என் சின்னம்மா ஒருவர் பட்டுப்புடவை மடிப்புகளிலிருந்து இருபத்து மூன்று 500 ரூபாய்த் தாள்களை எடுத்துக் கூடத்தில் வைத்தார். பதினோராயிரத்து ஐந்நூறு. 'என் காசை எனக்கே தெரியாம வச்சிருந்தியா?' என்று சித்தப்பா கேட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மாற்றி வந்த பணம் பிறகு மோட்டார் சைக்கிள் கடனுக்குப் போனது. பதினாறு வருடச் சேமிப்பு அது. ரசத்துக்குப் பருப்புத் தண்ணீரைக் கூட்டியும், பூவைப் பாதி முழமாக்கியும் சேர்த்தது. 'என் காசு' என்ற சொல்லில் ஒரு பிழையும் இருப்பதாகக் கூடத்தில் இருந்த யாருக்கும் படவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தை நடத்திச் சொத்து வாங்கினார். எல்லாம் என் பணம் என்பது அவருடைய வாதம். வீட்டை நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, கணவர் சம்பாதிக்க வழிசெய்த மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்ந்ததில் பங்களிப்பே, ஆகவே அவருக்குச் சம பங்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. இப்படிச் சொல்ல ஒரு தனிச் சட்டம் இன்னும் இல்லை. தீர்ப்பை வகுப்பில் வாசித்த அன்று மாணவிகள் கைதட்டினார்கள்; ஒருத்தி மட்டும், சொத்து வாங்காத வீட்டில் அந்தப் பங்கு எதில் கிடைக்கும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்குத் தொடங்கிய தொகைக்கு உதவி என்றோ கொடை என்றோ பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். 1,000 ரூபாய் சின்னத் தொகை. பெயர் சின்னது அல்ல.

2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். வேலைக்குப் போகிற மருமகளிடம் 'கடையில் வாங்காமல் நீயே வடகம் போடு' என்று சொல்கிற குறிப்பு, இந்த 299-ஐத்தான் இன்னும் நீட்டுகிறது. சம்பாதிக்கிற பெண்ணுக்குப் பணம் மிச்சம், நேரம் பஞ்சம். வெயிலில் வற்றல் காயவைத்துக் காக்கை விரட்ட மொட்டை மாடியில் ஆள் வேண்டும். ஓய்வுபெற்ற தாத்தா விரட்டலாமே என்று நான் சொன்னபோது ஒரு கூட்டத்தில் நல்ல சிரிப்பு எழுந்தது. நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

இரண்டு வருடங்களாக இளங்கலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். வீட்டில் மூத்த பெண்ணிடம் பத்துச் சிக்கன வழிகளைக் கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: எவ்வளவு நேரம் ஆனது, யார் செய்தார்கள், மிச்சமானது எதற்குப் போனது. முதல் இரண்டு கட்டங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. பாட்டிகள் தங்கள் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை; ஒரு மாணவி மாங்காய் வற்றலுக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதி வந்தாள். மூன்றாவது கட்டத்தில் தாத்தாவின் பீடி, சித்தப்பாவின் படிப்பு, அத்தையின் கல்யாணம், வட்டி, வட்டி, வைத்தியம் என்று வருகிறது. ஒருத்தியின் நோட்டில் மட்டும், முட்டை விற்ற காசுக்கு நேராக, 'சிவாஜி படம், நானும் பக்கத்து வீட்டு ராசாத்தியும், யாருக்கும் தெரியாம' என்று இருந்தது. அந்தப் பாட்டிக்கு இப்போது எண்பத்து இரண்டு வயது. எந்தப் படம் என்று கேட்டு வரச்சொல்லியிருக்கிறேன்.